என் பக்கம், உங்க பக்கம்

கார் ஓட்டக் கற்றுக் கொடுக்கும் அந்தப் பள்ளியில் அவளுக்குப் பேக்கக்கா என்று பெயர். பெயர் வந்த கதை சின்னதுதான். நாற்பத்தொரு வயதில் நாக்கில் புற்றுநோய் வந்தது. பல் குத்தியதால் வந்த புண் என்றுதான் மூன்று மாதம் நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பாதி நாக்கை வெட்டியெடுத்து, முன்கையிலிருந்து தோலும் சதையுமாக எடுத்து அந்த இடத்தில் தைத்தார்கள். கழுத்தில் ஒரு பக்கம் முழுக்கக் கத்தி போட்டு, அதற்கு மேல் ஆறு வாரம் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். தைத்த சதை வாயை நிரப்பியதே ஒழிய, சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அவள் 'பிரேக்' என்று கத்தினால் 'பேக்கு' என்றுதான் வெளியே வந்தது. புதிதாக ஓட்ட வந்தவர்கள் தங்களைத்தான் திட்டுகிறாள் என்று பதறி, இருக்கிற பலத்தையெல்லாம் காலில் திரட்டி மிதித்தார்கள்.

"எப்படி மிதிச்சா என்ன, வண்டி நின்னுச்சுல்ல?" என்பாள் அவள்.

இப்படியே பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஊரில் பாதிப் பேருக்கு அவள்தான் ஸ்டியரிங் பிடிக்கக் கற்றுக் கொடுத்திருந்தாள். ஒரு விபத்து இல்லை, ஒரு புகார் இல்லை. மருந்துக்கடைக்காரர் வந்து சேரும் வரைக்கும்.

அவருக்கு அன்று மூன்றாவது வகுப்பு. காலை ஒன்பது மணி, தெருவில் அவ்வளவாக வண்டி இல்லை. "அந்த முக்குல வலது பக்கம் திரும்புங்க" என்றாள். அவர் அழகாக விளக்கைப் போட்டு, கண்ணாடியைப் பார்த்து, அழகாக இடது பக்கம் திரும்பினார். அங்கே ஒரு கடையின் பெயர்ப்பலகைக்கு வண்ணம் அடித்துக்கொண்டு ஒருவர் ஏணி மேல் நின்றிருந்தார். அவள் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவள் மிதித்த மிதியில், ஏணிக்கும் வண்டிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றது. ஏணிக்காரர் இறங்கி வந்து, தூரிகையைக் கையில் பிடித்தபடியே இருவருக்கும் சேர்த்து அர்ச்சனை செய்துவிட்டுப் போனார்.

"வலதுன்னுதானே சொன்னேன்?" என்றாள் அவள்.

மருந்துக்கடைக்காரர் வியர்வையைத் துடைத்தார். சண்டைக்காரர் இல்லை அவர். அதுதான் இன்னும் வலித்தது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க வலதுன்னாலும் இடதுன்னாலும் எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது. மூணு நாளா குத்துமதிப்பாத்தான் திரும்பிட்டிருக்கேன்."

மதியத்துக்குள் முதலாளி கூப்பிட்டுவிட்டார். அவளைவிடப் பத்து வயது சின்னவர், அவள் மேல் மரியாதை உள்ளவர். மேஜையில் இருந்த பேனாவை நாலு தடவை இடம் மாற்றி வைத்தார்.

"அக்கா, இது இன்னைக்கு மட்டும் நடந்த விஷயம் இல்ல. ஒரு வருஷமாவே ஒண்ணு ரெண்டு பேர் சொல்லிட்டிருந்தாங்க. நான்தான் உங்க காதுக்குக் கொண்டு வரல. ஆறு மாசத்துல உங்க பயிற்றுநர் உரிமத்தைப் புதுப்பிக்கணும். அதுக்குப் பேச்சுத் தேர்வும் உண்டு, கழுத்தைத் திருப்பிப் பாக்கற சோதனையும் உண்டு. அதுவரைக்கும் ஆபீஸ்ல இருங்களேன். படிவம் எல்லாம் குவிஞ்சு கெடக்கு."

அவள் கார் சாவியை மேஜை மேல் வைத்தாள். பேசினால் அதுவும் புரியாமல் போய்விடுமோ என்று முதல்முறையாகப் பயம் வந்தது.

உண்மையில் அவளுக்கே இரண்டு வருடமாகத் தெரிந்துதான் இருந்தது. காலையில் எழுந்தால் கழுத்து, வெயிலில் காய்ந்த தோல்வார் மாதிரி இழுத்தது. பின்னால் வரும் வண்டியைப் பார்க்க உடம்பு முழுவதையும் திருப்ப வேண்டியிருந்தது. பெரிய கரண்டி வாய்க்குள் போவதில்லை, சின்னக் கரண்டிக்கு மாறியிருந்தாள். எச்சில் ஊறாத வாய் மாலைக்குள் அட்டை மாதிரிக் காய்ந்துவிடும். எந்நேரமும் அசதி. இதையெல்லாம் அவள் யாரிடமும் சொல்லவில்லை. இது என்னவென்று தனக்குத் தெரியும் என்று அவள் நினைத்தாள். திரும்ப வந்துவிட்டது, அவ்வளவுதான். ஐந்து வருடம் முடிந்ததும், "இனிமே வரத் தேவையில்ல, ஏதாவதுன்னா வாங்க" என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள். அந்த 'ஏதாவது' என்னவென்று அவர்களும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் சாப்பிடும்போது கணவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையும் பழுது பார்க்கிற கண்ணோடுதான் பார்ப்பார்.

"வாயத் தொற."

"எதுக்குங்க?"

"தொறயேன், சொல்றேன்."

திறந்தாள். அவர் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "கதவு பாதிதான் தொறக்குது. என் லிஃப்டா இருந்தா இந்நேரம் புகார் வந்திருக்கும்."

"புகார் வந்துருச்சுங்க" என்றாள் அவள். அதைச் சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. ஏணி, மருந்துக்கடைக்காரர், சாவி, கழுத்து, இரண்டு வருடத்துப் பயம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. அவர் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்தார். எல்லாம் முடிந்த பிறகு, "நாளைக்கு லீவு போடறேன். ஆஸ்பத்திரில முதல் ஆளா போய் நிப்போம்" என்றார்.

முன்பு அவளுக்கு அறுவை செய்த டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அந்த அறையில் இப்போது ஒரு பெண் டாக்டர் இருந்தார். மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார், கழுத்தை விரல்களால் அங்குலம் அங்குலமாகத் தடவினார், ஸ்கேனுக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் எழுதிக் கொடுத்தார். "ஒரு வாரம் கழிச்சு வாங்கம்மா" என்றார்.

அந்த ஒரு வாரமும் கணவர் வீட்டில் இருந்த கதவுக் கீல், அலமாரிப் பூட்டு, ஒழுகுகிற குழாய், ஒழுகாத குழாய் எல்லாவற்றையும் கழற்றி மாட்டினார். அவள் பழைய துணிகளை மடித்து மடித்து அடுக்கினாள். இருவரும் ஒருவரை ஒருவர் நேராகப் பார்த்துக்கொள்ளவே இல்லை.

ஒரு வாரம் கழித்து டாக்டர் தாள்களைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "நோய் திரும்பி வரலம்மா."

"வரலையா?"

"வரல."

"நல்லாப் பாத்தீங்களா?"

"ரெண்டு பேர் தனித்தனியாப் பாத்தோம். இல்லவே இல்ல."

கணவர் பக்கத்து நாற்காலியில் காற்றுப் போன டயர் மாதிரி அமுங்கினார். அவளுக்கு மட்டும் அடங்கவில்லை. "அப்ப இதெல்லாம் என்ன? கழுத்து, வாய், இந்த அசதி?"

"அன்னைக்குக் குடுத்த கதிர்வீச்சு நோயக் கொன்னுருச்சு. ஆனா அது பட்ட சதை, வருஷம் போகப் போக இறுகிட்டே வரும். தாடையும் கழுத்தும் புடிச்சுக்கும், பேச்சும் குழறும். கழுத்துல இருக்கற தைராய்டு சுரப்பியும் அதுல வாடிப் போச்சு. அசதிக்குக் காரணம் அதுதான். தினம் ஒரு மாத்திரை போட்டா போயிடும். மத்ததுக்குப் பயிற்சி இருக்கு. பல்லையும் வருஷத்துக்கு ரெண்டு தடவ காட்டணும்."

"இத ஏன் யாரும் எனக்கு அப்பவே சொல்லல?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "சொல்லியிருக்கணும். தப்புதான். அப்பல்லாம் ஆளக் காப்பாத்தறதுலயே எல்லாருக்கும் கவனம் போயிடும். பன்னெண்டு வருஷம் கழிச்சு வந்து உக்காந்து கேள்வி கேப்பீங்கன்னு யாரும் யோசிக்கல."

"அதாவது, நான் போய்ச் சேந்திருந்தா இந்தப் பிரச்சினையே வந்திருக்காது?"

டாக்டர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. முதலில் டாக்டர், அப்புறம் அவள், கடைசியில் கணவர். வெளியே காத்திருந்தவர்கள் அந்த அறையிலிருந்து சிரிப்புச் சத்தம் வருவதைக் கேட்டுக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

மறுநாளே வேலை ஆரம்பமானது. டாக்டர்கள் நாக்கை அழுத்திப் பார்க்கிற மரக்குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிப் பற்களுக்கு நடுவே நுழைத்து, தாடை தானாக இளகும் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஐந்து வேளை. முதல் நாள் பன்னிரண்டு குச்சிக்கு மேல் போகவில்லை. கண்ணில் நீர் முட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரம் பார்க்கிற வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார்.

"பன்னெண்டாவது மாடி" என்று அறிவிப்பார். "நாளைக்குப் பதிமூணுக்குப் போறோம். அவசரம் இல்ல, கம்பி அறுந்தா கஷ்டம்."

பதிமூன்றாவது மாடிக்குப் பத்து நாள் ஆயிற்று. பதினைந்தில் மூன்று வாரம் சிக்கிக்கொண்டார்கள். கழுத்துக்கு வேறு பயிற்சி, தோளுக்கு வேறு. மாத்திரை போட ஆரம்பித்த இரண்டாம் மாதத்தில், காலையில் எழுந்தவுடன் மறுபடி படுக்கத் தோன்றவில்லை என்பதை அவள் திடீரென்று கவனித்தாள். அன்றைக்கு வீடு முழுவதையும் கழுவிவிட்டாள்.

பேச்சுப் பயிற்சி கொடுத்தவள் அவள் மகள் வயதுப் பெண். வாரம் ஒரு நாள் வரச் சொன்னாள். பூசி மெழுகத் தெரியாதவள். "அக்கா, வலதுல வர்ற ல, இடதுல வர்ற ட, திரும்புல வர்ற ர, இதெல்லாம் நாக்கு நுனி பண்ற வேலை. உங்களுக்கு நுனி இல்ல. பழகினா கொஞ்சம் தெளியும், முழுசா வராது. ஆனா ப, ம, வ எல்லாம் உதடு. அது உங்ககிட்ட முழுசா இருக்கு. க-வும் பரவால்ல, அது பின்நாக்கு."

அவள் ஆபீஸில் உட்கார்ந்து, வீணாய்ப்போன படிவங்களின் பின்பக்கத்தில் ஒரு வகுப்பில் தான் சொல்கிற வார்த்தைகளையெல்லாம் எழுதினாள். வலது, இடது, திரும்பு, நிறுத்து, நேரா, தள்ளி. பார்த்தால் பாதிக்கு மேல் துரோகிகள். ஒவ்வொன்றாக அடித்தாள். வேகத்தைக் குறைக்க 'கம்மி.' கிளம்ப 'போங்க.' நிற்க 'போதும்.' அதோடு 'பேக்கு' ஏற்கெனவே ஊரறிந்த வார்த்தை, அது இருக்கட்டும். ஆனால் வலதுக்கும் இடதுக்கும் மட்டும் ஒன்றும் அகப்படவில்லை. கையைக் காட்டலாம் என்றால், ஓட்டுகிறவர் கண் சாலையில் இருக்க வேண்டும், இவள் கையில் இல்லை. ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேஜையை அடுத்த அறைக்கு மாற்றினார்கள். வாசற்படியில் மேஜை சிக்கிக்கொண்டது.

"உன் பக்கம் தூக்கு!" என்றார் கணவர்.

"தூக்கிட்டேன். உங்க பக்கம்தான் இடிக்குது!"

"என் பக்கம் ஒண்ணும் இடிக்கல, உன் பக்கம்..."

அவள் மேஜையை அப்படியே விட்டுவிட்டாள். அது அவர் கால் கட்டை விரலில் இறங்கியது. அவர் ஒற்றைக் காலில் குதித்துக்கொண்டிருக்க, அவள் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னாள்: "என் பக்கம். உங்க பக்கம். என் பக்கம். உங்க பக்கம்!"

"பைத்தியம் புடிச்சிருச்சா?"

"எப்படிக் கேக்குது? சொல்லுங்க! ரெண்டும் வேற வேறயாக் கேக்குதா?"

"கேக்குது, கேக்குது! மொதல்ல மேஜையத் தூக்கு!"

காரில் கற்பவர் எப்போதும் ஒரே இருக்கையில்தான் உட்காருவார். கற்றுக்கொடுப்பவளும் அப்படியே. அவள் பக்கம் திரும்ப வேண்டுமா, ஓட்டுகிறவர் பக்கம் திரும்ப வேண்டுமா, அவ்வளவுதானே கேள்வி? உதடும் தொண்டையும் சேர்ந்தால் சொல்லிவிடலாம். எவ்வளவு வாய் குழறினாலும் 'என்' என்பது 'உங்க' ஆகாது.

சோதித்துப் பார்க்க ஓர் ஆள் வேண்டும், அதுவும் ஓட்டவே தெரியாத ஆள். வீட்டிலேயே ஒருவர் இருந்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருடம், ஊருக்கெல்லாம் சொல்லிக் கொடுத்தவள் கணவருக்கு மட்டும் கற்றுக் கொடுத்ததில்லை. "நான் மேலயும் கீழயும் போய்ப் பழகினவன். பக்கவாட்டுல எல்லாம் போகச் சொல்லாத" என்று அவர் தப்பித்துக்கொண்டே இருந்தார். இப்போது வசமாக மாட்டிக்கொண்டார். விடுமுறை நாட்களில் காலியாகக் கிடக்கும் சந்தை மைதானத்துக்கு, முதலாளியிடம் கேட்டு வாங்கிய பழைய காரோடு போனார்கள்.

முதல் நாள் அவர் ஒரு குப்பைத் தொட்டியைச் சாய்த்தார். ஆனால் சொன்ன பக்கம் சரியாகத் திரும்பித்தான் சாய்த்தார். இரண்டாம் வாரம் ஒரு மணி நேரத்தில் நாற்பது திருப்பம், ஒன்றுகூடத் தவறவில்லை. அவள் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். தண்ணீர் குடித்தால் குரல் கட்டுவதில்லை என்பதையும் அங்கேதான் கண்டுபிடித்தாள். குச்சி பதினெட்டாவது மாடியைத் தொட்டிருந்தது.

தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் உயரமான பெண்மணி. சிரிப்பை வீட்டில் பூட்டிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார். முதலில் அவளைக் காரில் உட்கார வைத்து, தாம் பின்னால் ஓரமாகப் போய் நின்றுகொண்டார்.

"உடம்பைத் திருப்பாம, கழுத்தை மட்டும் திருப்பிப் பாருங்க. எத்தனை விரல்?"

"மூணு."

"இந்தப் பக்கம்?"

கத்தி பட்ட பக்கம் அது. மெதுவாகத் திருப்பினாள். இழுத்தது, ஆனால் விட்டுக் கொடுத்தது. "ரெண்டு. ஒண்ணுல மோதிரம் இருக்கு."

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டு ஓட்டும் இருக்கையில் வந்து அமர்ந்தார். "இப்ப நான்தான் கத்துக்க வந்தவ. ஒண்ணும் தெரியாதுன்னு வச்சுக்குங்க."

அரை மணி நேரம் அந்தப் பெண்மணி படுத்திய பாடு கொஞ்சமில்லை. விளக்குப் போட மறந்தார், சந்திப்பில் வேகமெடுத்தார், நிறுத்தத்திலிருந்து ஒரு பஸ் கிளம்புவதைப் பார்த்தும் பார்க்காதது போல் போனார். அவள் பதறவில்லை. "உங்க பக்கம் போகப் போறோம். கம்மி. இன்னும் கம்மி. பஸ் போகட்டும். இப்ப உங்க பக்கம். ஆங், அப்படி." பாதியில் தன்னையே மறந்துவிட்டாள். ஆறு மாதமாகப் பூட்டி வைத்திருந்தது அவளுடைய குரல் மட்டுமில்லை, அவளுடைய வேலையும்தான். அது கைக்குத் திரும்பியதும், தேர்வு என்பதே நினைவில்லை. ஒரு கட்டத்தில், "ஸ்டியரிங்க இவ்வளவு இறுக்கிப் புடிக்காதீங்கம்மா, அது எங்கயும் ஓடிப் போகாது" என்றுகூடச் சொல்லிவிட்டாள்.

வண்டி திரும்ப அலுவலக வாசலில் நின்றது. தேர்வாளர் படிவத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"வலது, இடதுன்னு ஒரு தடவகூடச் சொல்லலையே?"

அவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "சொல்லல மேடம். எனக்குப் பாதி நாக்குதான் இருக்கு. நான் சொன்னா ரெண்டும் ஒண்ணாக் கேக்கும். அதனால விட்டுட்டேன்."

"திசை சொல்லத் தெரியணும்னு விதி இருக்கு."

"ஆறு மாசமா அந்தப் படிவத்தோடதான் குடித்தனம் நடத்தியிருக்கேன். கற்பவருக்குச் சந்தேகமில்லாமப் புரியற மாதிரி திசை சொல்லணும்னு இருக்கு. வலது இடதுன்னு எங்கயும் இல்ல. படிச்சுப் பாருங்க." அப்புறம் கேட்டாள்: "நீங்க எங்கயாவது தப்பாத் திரும்பினீங்களா மேடம்?"

தேர்வாளர் படிவத்தைப் படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார்.

"ஒரு சந்திப்புல வேணும்னே தப்பாத் திரும்பலாம்னுதான் நினைச்சேன். நீங்க சொன்னதும் கை தானாப் போயிருச்சு."

கையெழுத்துப் போட்டுத் தாளைக் கிழித்து நீட்டினார். ஐந்து வருடத்துக்கு உரிமம்.

பள்ளியில் அவள் உள்ளே நுழைந்த முகத்தைப் பார்த்தே எல்லோருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. முதலாளி இழுப்பறையிலிருந்து கார் சாவியை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார். "அக்கா, நாளையிலருந்து எல்லாப் பயிற்றுநர்களுக்கும் அந்த 'என் பக்கம், உங்க பக்கம்' சொல்லிக் குடுங்க. நாக்கு நல்லா இருக்கறவன் சொன்னாலே பாதிப் பேருக்கு வலது இடது தெரிய மாட்டேங்குது." ஒருவர் ஓடிப் போய்க் கேக் வாங்கி வந்தார்.

கேக்கை வெட்டியதும் அவள் பக்கம் தட்டை நீட்ட எல்லோரும் தயங்கினார்கள். பன்னிரண்டு வருடமாக வீட்டுக்கு வெளியே அவள் யார் முன்னாலும் சாப்பிட்டதில்லை. சாப்பாட்டு நேரத்தில் காரின் கண்ணாடியை ஏற்றிவிட்டுத் தனியாகத்தான் சாப்பிடுவாள். ஒவ்வொரு வாயையும் தண்ணீர் விட்டு இறக்க வேண்டும், சில சமயம் உதட்டோரம் வழியும், நேரம் ஆகும். யாரோ, "அக்காவுக்குப் பொட்டலம் கட்டிக் குடுத்துரலாம்" என்றார்.

"எதுக்கு?" என்றாள் அவள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மேஜை நடுவில் உட்கார்ந்தாள். ஒரு குவளை தண்ணீரும் சின்னக் கரண்டியும் கேட்டாள். சாப்பிட்டாள். ஒரு துண்டுக்கு இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. வழிந்ததைத் துடைத்துக்கொண்டாள். யாரும் எழுந்து போகவில்லை. ஒருவர் தன் மைத்துனர் கார் வாங்கிய கதையைச் சொல்ல ஆரம்பித்தார். அவள் வாயில் கேக்கோடு சிரித்ததில் புரையேறி, இருமி, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தாள்.

அப்போது மேஜை மேல் இருந்த தொலைபேசி அடித்தது. ஆறு மாதம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தும் அவள் அதைத் தொட்டதில்லை. முதலாளி எழுந்தார். அவள் கையால் அவரை உட்காரச் சொல்லிவிட்டு எடுத்தாள்.

எதிர்முனையில் ஒரு பெண் குரல். வயது அறுபதைத் தாண்டிவிட்டது, இனிமேல் கற்றுக்கொள்ள முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டது.

"முடியும்மா" என்றாள் அவள், அவசரப்படாமல், ஒவ்வொரு சொல்லாக. "காலைல ஏழு மணிக்கு வாங்க. நான்தான் சொல்லிக் குடுப்பேன்."

"ஏழு மணிதானே?" என்று கேட்டது அந்தக் குரல். "வந்துடறேன்."